அத்தையிடம் யாரும் கேட்காத கேள்வி

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் "உப்பு இறங்கிடுச்சு" என்ற பேச்சு நம் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. காரணமில்லாத தூக்கம், நடையில் தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு. உடனே ஆட்டோ, நர்சிங் ஹோம், பாட்டில் பாட்டிலாக சலைன் என்ற உப்பு நீர், கொஞ்சம் தெளிந்ததும் வீடு. அனுப்பும்போது "சாப்பாட்டுல உப்பைக் கூட்டிப் போடுங்க, தண்ணி நிறையக் கொடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் சில வருடங்களாக இதே கதைதான். இந்த ஆடியில் நான் போயிருந்தபோது அது என் கண்ணெதிரிலேயே நடந்தது. கோயில், பதினெட்டாம் பெருக்கு எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

"உப்பு" என்று சொல்வது ரத்தத்தில் இருக்கும் சோடியத்தை. அது 118 என்று ரிப்போர்ட் வந்தது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் சேர்த்தோம். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். அத்தையின் மகன், என் அத்தான், ஒரு துணிக்கடைக் கட்டைப்பையைக் கவிழ்த்தார். இத்தனை வருட டிஸ்சார்ஜ் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைகள், மருந்துக் கடை பில்கள். கேட்டவர் மேலாக இருந்த இரண்டைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார். ஏன் திரும்பத் திரும்ப உப்பு இறங்குகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். "வயசாச்சுல்லம்மா, இப்படித்தான் இருக்கும்." தைராய்டு? "பார்த்தாச்சு, நார்மல்." அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கிடையாது, நீர் பிரியும் மாத்திரையும் கிடையாது. பிறகு எதனால் என்று கேட்டால் பதில் இல்லை, இன்னொரு பாட்டில் ஏறியது.

நான் இருப்பது பிரிட்டனில், பர்மிங்காமில். அங்கே என் மகள் பிறந்தபோது எனக்கு எவ்வளவு ரத்தம் போனது என்று மில்லிலிட்டர் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த டாக்டர் என் கோப்பைத் திறந்தாலும் அது இருக்கும். அத்தையின் கட்டைப்பையில் அவருடைய பிரசவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியில் எல்லாம் அந்தப் பிரசவத்தில்தான் போய் முடிந்தது.

மறுநாள் அத்தைக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய் ஐ.சி.யு.வில் வையுங்கள் என்றார்கள். அத்தான் வேறு முடிவு எடுத்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டெல்டா முழுவதற்கும் தஞ்சாவூர் ஒன்றுதான் அரசு மருத்துவக் கல்லூரி. 2010-ல் திருவாரூரிலும் 2022-ல் நாகப்பட்டினத்திலும் வந்துவிட்டன. அப்படி ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் கொண்டுபோனோம். கூட்டம் எப்போதும் போலத்தான். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவுகள், டீ ஃபிளாஸ்க், சீட்டு வாங்க வரிசை. அதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வார்டில் இருந்தது மேல்படிப்பு படிக்கும் இளம் பெண் டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அத்தையின் முகத்தைப் பார்த்தார். வெளிறிய தோல், பாதி உதிர்ந்த புருவம், கண்ணோரம் மெல்லிய சுருக்கங்கள். கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார், முடியே இல்லை. அப்புறம் எங்களிடம் கேட்டார்:

"கடைசிப் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? பிள்ளைக்குப் பால் கொடுத்தாங்களா? அதுக்கப்புறம் மாசாமாசம் வந்துச்சா?"

கூட இருந்த என் அம்மாதான் பதில் சொன்னார். 1984. வீட்டிலேயே பிரசவம். நஞ்சுக்கொடி இறங்கியதும் ரத்தம் நிற்கவில்லை. பாயும் புடவையும் நனைந்து, அம்பாசடர் காரில் தஞ்சாவூர் மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஓடி, ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். பால் ஒரு சொட்டு வரவில்லை. அத்தான் வளர்ந்தது பசும்பாலில். அந்தக் குழந்தை இப்போது நாற்பது வயதைத் தாண்டி, கட்டிலின் கால்மாட்டில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதவிலக்கு பிறகு வரவே இல்லை. "சீக்கிரமே நின்னுடுச்சு, தொல்லை விட்டுச்சுன்னு இருந்தோம்" என்றார் அம்மா.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "ஊர்ல ஊசி போட்டா தெம்பா இருப்பாங்களா?" அத்தானின் மனைவி உடனே சொன்னார்: "ஆமா டாக்டர், அந்தக் கிளினிக் ஊசி போட்டா நாலு நாளைக்கு எழுந்து நடமாடுவாங்க, அப்புறம் படுத்துடுவாங்க." நம் ஊர்ப் பக்கத்துக் கிளினிக்குகளில் பல சமயம் போடுவது ஸ்டீராய்டு ஊசி. அத்தையின் உடம்பில் இல்லாத ஒன்றை அந்த ஊசி அவ்வப்போது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

அந்தப் பெண் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால், கடலைப் பருப்பு அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது பெருக்கும். ஆனால் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த சிறு ரத்தக்குழாய்கள் வழியாக. பிரசவத்தில் பெரிய அளவில் ரத்தம் போய் அழுத்தம் விழுந்தால், பெருத்திருக்கும் அந்தச் சுரப்பிக்கு ரத்தம் போதாமல் திசு செத்துவிடும். 1937-ல் ஹெரால்டு ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை எழுதினார், அவர் பெயராலேயே இதை ஷீஹன் சிண்ட்ரோம் என்று அழைக்கிறார்கள். நான் இருக்கும் நாட்டில் நல்ல பிரசவ கவனிப்பால் இப்போது மிக அரிதாகிவிட்டது.

சரி, மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பிக்கும் உப்பு இறங்குவதற்கும் என்ன சம்பந்தம்? நடுவில் இருப்பது சிறுநீரகம். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாமே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது, ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறும். கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரைத் திருப்பி எடுப்பது என்று சொல்வது பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். அது வந்தால் சிறுநீரகக் குழாய்ச் சுவரில் நீர் மட்டும் புகும் நுண்ணிய வாய்க்கால்கள் திறக்கும். அக்வாபோரின் என்று பெயர். அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரே 2003-ல் நோபல் பரிசு வாங்கினார். முன்பகுதி வேறு வேலை பார்க்கிறது. அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு கொடுத்து, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்க வைக்கும். அந்தக் கார்டிசால்தான் வாசோபிரெசினை அளவுக்கு மீறாமல் அடக்கி வைக்கிறது. அத்தைக்கு முன்பகுதி போய்விட்டது, கார்டிசால் இல்லை, அடக்க ஆளில்லை. வாசோபிரெசின் தன் போக்கில் வந்துகொண்டே இருக்க, சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வடிகால் அடைபட்ட வயல் மாதிரி உடம்பில் தண்ணீர் நின்றுவிடுகிறது, உப்பு அதில் நீர்த்துப்போகிறது. இதற்கு ஊறுகாயும் உப்பும் என்ன செய்யும்? "தண்ணி நிறையக் கொடுங்க" என்ற அறிவுரை கெடுதலே செய்திருக்கிறது.

பொட்டாசியம் நார்மலாக இருந்ததையும் அவர் விரலால் காட்டினார். அட்ரீனலே கெட்டிருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும். சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டீரோன் என்ற அட்ரீனலின் இன்னொரு ஹார்மோன் பெரும்பாலும் பிட்யூட்டரியைக் கேட்டு நடப்பதில்லை, சிறுநீரகம் தொடங்கி வைக்கும் ரெனின் வழியில் நடக்கிறது. ஆகவே கோளாறு மேலே, தலையில். அந்தக் கட்டைப்பையில் இருந்த அத்தனை ரிப்போர்ட்டிலும் இந்தத் தடயம் இருந்தது! தைராய்டு "நார்மல்" என்றதும் அதே கதை. பார்த்தது தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும். அந்த ஹார்மோனை அனுப்புவதே பிட்யூட்டரிதான், அனுப்புகிற இடமே கெட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. கூடவே தைராய்டு தானே சுரக்கும் டி4 ஹார்மோனையும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தபோது மிகக் குறைவாக இருந்தது.

கார்டிசால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், கார்டிசாலை மருந்தாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார்கள். "இனிமே யூரின் நிறையப் போகும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னார். இரவு சிறுநீர்ப் பை நிரம்ப ஆரம்பித்தது. காலி செய்தால் மறுபடி நிரம்பியது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அளந்து நீள நோட்டில் எழுதினார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்த்தார்கள். நள்ளிரவில் அது வேகமாக ஏறுகிறது என்று தெரிந்ததும் டாக்டர் சலைனை நிறுத்திவிட்டு, உப்பே இல்லாத குளுக்கோஸ் பாட்டிலைப் போட்டார். அத்தான் பதறிவிட்டார். உப்பு குறைந்த ஆளுக்கு உப்பில்லாத பாட்டிலா? ஒரு நாளைக்கு 8 அல்லது 10 என்ற அளவுக்கு மேல் ஏறவிட்டால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் விழுங்குவதும் நிரந்தரமாகப் போகலாம். இதை அவர் அந்த நேரத்தில், அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், அத்தானை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பர்மிங்காமில் ஒரு ஹார்மோன் நிபுணரைப் பார்க்க மாதக் கணக்கில் காத்திருந்தவள் நான். இங்கே ஒரு ரூபாய் வாங்காமல், ஒரு மாணவி இரவெல்லாம் கண்விழித்து அத்தையின் மூளையைக் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அத்தை தெளிந்ததும் முதலில் கேட்டது காபி. இரண்டாவது, வீட்டில் மாட்டுக்கு யார் வைக்கோல் போட்டார்கள் என்று. ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட காலியாக இருந்தது. முதலில் ஸ்டீராய்டு, அது நிலைத்த பிறகுதான் தைராய்டு மாத்திரை என்று வரிசையை அழுத்திச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தால் மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகக் கரைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. நாற்பது வருடம் அத்தையைச் சோம்பேறி என்றார்கள். மாமியார் சொன்னார், மாமா சொன்னார், ஊர் சொன்னது. சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொள்ளும் பொம்பளை என்று சிரித்தார்கள். நடவு நாளில் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று திட்டினார்கள். அத்தனையும் ஹார்மோன் இல்லாத உடம்பு பட்ட பாடு. பிரசவத்தில் ரத்தம் போய்ப் பிழைத்து, பால் வராமல், மாதவிலக்கு திரும்பாமல், எப்போதும் சோர்ந்து கிடக்கும் ஒரு பெரியம்மாவோ ஆச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பிரசவக் கதையை நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை கிடைப்பது தனிப் பாடு. எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் "ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இங்க ஓடாதுங்க" என்றார்கள், தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்ப வைத்தோம். அது கிடைக்காத மாதத்துக்கு எந்த அளவில் பிரெட்னிசோலோன் என்ற வேறு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு 2020-லிருந்து ஓர் அவசர அட்டை கொடுக்கிறார்கள். அதே மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் லாமினேட் செய்து அத்தையின் சுருக்குப்பையில் வைத்தேன். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட வேண்டும். ஒரு பிரதியை அந்த நர்சிங் ஹோமில் கொடுத்தேன், வாங்கி மேஜை டிராயரில் போட்டார்கள். இன்னொன்றை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அந்த ஊசி அங்கே ஏற்கெனவே இருக்கிறது, மூச்சிரைப்புக்கும் ஒவ்வாமைக்கும் வைத்திருக்கிறார்கள். செவிலியர் அட்டையை முழுவதும் படித்துவிட்டு, "நைட் டூட்டிக்கு வர்றவங்களுக்கும் தெரியணும்" என்று சொல்லி, மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் அத்தையின் பெயரோடு ஒட்டிவைத்தார்.