கார் எடுக்காத நான்கு வாரம்: குமரி மாவட்டப் பயணக் குறிப்பு

விமான டிக்கெட் எடுத்த கையோடு ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ போன் போட்டு, "ஒரு மாசத்துக்கு ஒரு வண்டி பாத்து வை" என்று சொல்வது வெளிநாட்டுக் குமரிக்காரர்களிடம் வழக்கமாகிவிட்டது. அந்த வண்டி பெரும்பாலான நாள் வீட்டு முற்றத்தில்தான் கிடக்கும். டவுனுக்குள் எடுத்துக்கொண்டு போனாலோ நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். இந்த முறை நான்கு வாரம் பஸ், ரயில், சைக்கிள், நடை என்று பார்த்ததில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்பதை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறோம்.

முதலில் மாவட்டத்தின் அமைப்பு. சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள் 2011 கணக்கெடுப்பின்படியே 18.7 லட்சம் பேர். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடுகள் தொடர்ந்து வருகின்றன. பஸ் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல நிலம் அமையாது. 1938-லேயே, அப்போது குமரியையும் ஆண்ட திருவிதாங்கூர் அரசு தானே பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. மதுரை, கோவைப் பக்கம் போல ஹார்ன் அடித்துக்கொண்டு போட்டி போடும் தனியார் ரூட் பஸ்ஸை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அரசு பஸ், அது போகாத உள்ரோட்டுக்கு மினி பஸ், அவ்வளவுதான்.

வந்து இறங்கும் நாளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். 23 கிலோ பெட்டி இரண்டோடு பஸ் ஏறாதீர்கள். உள்ளூர் பஸ்களில் டிக்கி கிடையாது. படிக்கட்டை ஒட்டிப் பெட்டியை வைத்தால் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் இடைஞ்சல். அன்றைக்கு ஒரு நாள் டாக்சி நியாயமான செலவுதான். தோள்பை மட்டும் என்றால் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவிலோ பிரீபெய்டு டாக்சியிலோ தம்பானூர் போய்விடலாம். அங்கே ரயில் நிலையமும் கேரள அரசு பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவிலுக்கு நேர் பஸ் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் நேர் பஸ்ஸுக்காகக் காத்து நிற்க வேண்டாம். களியக்காவிளை வரைக்கும் வந்து எல்லையில் தமிழ்நாட்டு வண்டிக்கு மாறிக்கொள்வது பல நேரம் சீக்கிரமாக முடிகிறது.

நாகர்கோவிலில் புதிதாக வருகிறவர்களும், பத்து வருடம் கழித்து வருகிறவர்களும் தடுமாறும் இடம் இரண்டு பஸ் ஸ்டாண்டு. மீனாட்சிபுரத்து அண்ணா பஸ் ஸ்டாண்டு உள்ளூர் வண்டிகளுக்கு. திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் என்று வெளியூர் போகிற வண்டிகளுக்கு வடசேரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பையோடு நடப்பது சிரமம். ஏறும்போதே கேட்டுவிட வேண்டும். "மக்கா, இது வடசேரி போவாது, அண்ணா ஸ்டாண்டோட நின்னுரும்" என்று கண்டக்டர் சொல்லிவிடுவார், கேட்டால்தான்.

அடுத்தது போர்டு. இங்கே போய்ச் சேரும் ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறுவது தவறு. வழியையும் பார்க்க வேண்டும். குளச்சல் என்று போட்ட வண்டி திங்கள்சந்தை வழியாகவும் போகும், ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி வழியாகக் கடற்கரை ஓரமாகவும் போகும். இரணியலில் இறங்க வேண்டியவர் இரண்டாவது வண்டியில் ஏறினால் கடலைப் பார்த்துக்கொண்டே குளச்சல் போய்ச் சேர வேண்டியதுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஒரே எண்ணில் எழுத்து மாறினால் வழியும் மாறும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆதார் வேண்டுமா, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் முடியுமா என்று தயங்குகிறார்கள். அடையாள அட்டை எதையும் கேட்பதில்லை. ஆனால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். எக்ஸ்பிரஸ், வெளியூர் வண்டி, கேரள அரசு பஸ், மினி பஸ் எதிலும் இது செல்லாது. குமரியில் தூரங்கள் குறைவு என்பதால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் பயணத்தில் பெரும்பகுதி டவுன் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். காலை ஒன்பது மணி வண்டியில் மீன் கூடைக்காரப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகும் பாட்டிகள் என்று முன்பாதி நிறைந்து வருவதைப் பார்த்தால், யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டை விட்டு இறங்க முடிவது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும்.

காசு விஷயம்: பத்து, இருபது ரூபாய் நோட்டாக வைத்திருங்கள். போன் மூலம் செலுத்த நினைத்தால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை யூ.பி.ஐ.யில் சேர்க்கலாம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளின் மொபைல் எண்ணோடேயே இது நடக்கும். ஆனால் கிளம்புவதற்கு முன்பே வங்கியில் அந்த எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்தபின் தொடங்கினால் லீவு முடிந்துவிடும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக. நாகர்கோவில் ஜங்ஷன் கோட்டாறில் இருக்கிறது. நாகர்கோவில் டவுன் வேறு ஸ்டேஷன். திருவனந்தபுரம், திருநெல்வேலிப் பாதைகளுக்கு இடையே ஓடும் ரயில் ஜங்ஷனுக்குள் நுழைந்தால் என்ஜினை மாற்றிப் பூட்ட வேண்டும் என்பதால், சில ரயில்கள் டவுனோடு போய்விடும். டிக்கெட்டில் என்.சி.ஜே. (ஜங்ஷன்) என்றிருக்கிறதா, என்.ஜே.டி. (டவுன்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். மார்த்தாண்டத்துக்கான ஸ்டேஷனின் பெயர் குழித்துறை. திருவனந்தபுரம் பக்கத்துப் பாதையில் இரட்டைப் பாதை வேலை முழுதாக முடியாததால் கிராசிங்குக்காக வண்டி நிற்கும். அடுத்து விமானம் பிடிக்க வேண்டும் என்றால் ஒரு ரயில் முன்னாலேயே ஏறிவிடுங்கள். முன்பதிவில்லா டிக்கெட் 199 கிலோமீட்டர் வரைக்கும் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துச் சாயங்காலம் ஏறினால் அபராதம்.

இவ்வளவு வண்டி இருந்தும் ஏன் எல்லாரும் கார் தேடுகிறார்கள்? எங்கள் கணிப்பில் காரணம் இரண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்குமான அந்த அரை கிலோமீட்டர் ஒன்று, ராத்திரிக் கடைசி வண்டி மற்றொன்று.

அரை கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். குமரியின் உள்ரோடுகளில் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் ரோட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது. நடைபாதை போடவே இடமில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் ரோட்டின் விளிம்பு பக்கத்து மண்ணைவிட நாலைந்து விரற்கடை உயர்ந்து நிற்கிறது. எதிரே வண்டி வரும்போது ஒதுங்குகிற கால் அந்த விளிம்பில்தான் மடங்குகிறது. வயதானவர்கள் விழுவதும் அங்கேதான். மழையில் விளிம்பை ஒட்டித் தண்ணீர் தேங்கினால் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. ஓடை ஸ்லாப் மேல் நடக்கலாம் என்றால் நாலு ஸ்லாபுக்கு ஒன்று உடைந்தோ ஆடியோ இருக்கும். ஆகவே வலப்பக்கமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடங்கள். வளைவில் மட்டும் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள், சுவர் மறைவில் வருகிறவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஆறரைக்கு மேல் கையில் டார்ச்சும் வெள்ளைச் சட்டையும் அவசியம். பஞ்சாயத்துக்கு மனு கொடுக்கிற எண்ணம் இருந்தால் நடைபாதை கேட்பதைவிட, அடுத்த முறை தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுங்கள், விளிம்பில் கிராவல் நிரப்புங்கள் என்று எழுதுங்கள். அது நடக்கக்கூடிய கோரிக்கை.

கடைசி வண்டிக்கு எந்த ஆப்பையும் நம்ப வேண்டாம். ஸ்டாப் அருகிலிருக்கும் பெட்டிக்கடையில் கேளுங்கள். "ஒம்பதே காலுக்கு ஒண்ணு உண்டு அண்ணே, ஆளு இல்லன்னா டிரிப்ப கட் பண்ணிருவானுவ, பாத்துக்கிடுங்க" என்று நேரத்தோடு நம்பகத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். ஊரில் ஸ்டே பஸ் உண்டா என்றும் கேளுங்கள். ராத்திரி ஊரிலேயே தங்கும் வண்டி எப்படியும் வந்துதான் ஆக வேண்டும், காலையில் முதலில் கிளம்புவதும் அதுதான். டிசம்பரில் வருகிறவர்கள் கோட்டாறு சவேரியார் திருவிழாவையும் சுசீந்திரம் மார்கழித் தேரையும் கணக்கில் வையுங்கள். அந்த நாட்களில் சிறப்பு பஸ் அதிகம், ஆனால் வழக்கமான வழி மாறும்.

கார் தேவைப்படும் இடங்களும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெற்றோரை பஸ்ஸின் உயரமான படியில் ஏறச் சொல்வது கொடுமை. ராத்திரி அவசரம் என்றால் 108. கல்யாணம், துட்டிவீடு (சாவு வீடு) என்று நான்கு பேராகப் போகும்போது நாள் வாடகைக்கு டாக்சி எடுங்கள். எத்தனை கிலோமீட்டர் சேர்த்து, டிரைவர் பேட்டா எவ்வளவு, கேரளாவுக்குள் போனால் பெர்மிட் யார் கட்டுவது என்ற மூன்றையும் ஏறுமுன் பேசிவிடுங்கள். ஓட்டுநர் இல்லாமல் எடுப்பதாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறையான வாடகைக் காரில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவர் என்று வெள்ளை பிளேட் சொந்த வண்டியைக் காசு கொடுத்து எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் ஓட்டிக் காட்டாமல் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி டெஸ்ட்.

மீதித் தேவைக்குச் சைக்கிள். பல வீடுகளில் அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிள் விறகுப்புரையில் நிற்கும். அதை அப்படியே காற்றடித்து ஓட்டாதீர்கள். டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் இரண்டு டயரும் இரண்டு டியூபும் மாற்ற வேண்டும். காற்று நிற்கவில்லை என்றால் பஞ்சர் என்று முடிவு கட்டுமுன் வால் டியூபைப் பாருங்கள். வால்வின் மேல் மாட்டும் சில ரூபாய் ரப்பர்த் துண்டு அது, வருடக்கணக்கில் கிடந்தால் பிளந்துவிடும். காற்றடித்தபின் வால்வின் நுனியில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருவது தெரியும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் டக்கென்று சத்தம் வந்தால், பெடல் கையை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. மாற்றும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது. துருப்பிடித்த பின்னுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு, நட்டை மரையின் நுனிவரை திருப்பி வைத்து அதன் மேல் தட்டுங்கள். மரையில் நேரே சுத்தியல் பட்டால் நசுங்கிவிடும். ராடு பிரேக்கின் கட்டை கல்லாகியிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். அப்படி மாற்றினாலும் மழையில் குரோம் ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தக்கலைக்கு மேற்கே இறக்கத்தில் அந்தச் சைக்கிளை நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து ரோடு சைக்கிள் கொண்டுவருகிறவர்கள் டியூபையும் எடுத்து வாருங்கள். பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வுக்கு உள்ளூர்ப் பஞ்சர் கடையில் மாற்று கிடைக்காது.

கல்குளம், விளவங்கோடு பக்கம் முழுக்க மேடும் பள்ளமும். ஏற்றம் நீளமில்லை, ஆனால் செங்குத்து. கியர் இல்லாமல் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று. நாகர்கோவிலிலிருந்து போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது மார்பில் அடிக்கும். போகும் வேகத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடாதீர்கள், காலை எட்டுக்குள் திரும்பிவிடுங்கள்.

இந்த மேடுபள்ளத்துக்கெல்லாம் விடை சானல்கரை. கோதையாறு பாசனச் சானல்கள் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று மேட்டைச் சுற்றிக்கொண்டு மட்டமாக வெட்டப்பட்டவை. கரையும் அதே மட்டத்தில்தான் போகும். மெயின் ரோடு ஏறி இறங்கும் இடத்தில் சானல்கரை வளைந்து வளைந்து ஏற்றமே இல்லாமல் கொண்டு சேர்க்கிறது. தூரம் கொஞ்சம் கூடும், மூச்சு வாங்காது, லாரி வராது. அனந்தனார் சானலின் கரையில் பார்வதிபுரம் பக்கம் காலையில் நடக்கிறவர்களும் பள்ளிக்கூடச் சைக்கிள்களும் போவதைப் பார்க்கலாம். எச்சரிக்கை இரண்டு. தடுப்புச் சுவர் பெரும்பாலும் கிடையாது, ஆகவே இருட்டில் வேண்டாம். ஜூன் முதல் பிப்ரவரி வரை பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும், மழைக்காலத்தில் கரை மண் இளகிச் சக்கரம் புதையும். தண்ணீரை அடைத்த மாதங்களில் தூர்வார வந்த ஜேசிபி கரையை மறித்து நிற்கும், அன்றைக்கு அடுத்த பாலத்தில் எதிர்க்கரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.