சுவர்ப்படத்தை விடுங்கோ, கைந்நூலை வாங்குங்கோ

மட்டக்களப்பு நகரத்துக் கிறிஸ்தவப் புத்தகக்கடை ஒன்றில் இயேசுவின் இரண்டாம் வருகை பற்றிய ஒரு செட் வந்திருக்கிறது. நாலடி அகலத்தில் ஒரு சுவர்ப்படம், கூடவே 64 பக்கக் கைந்நூல். இரண்டும் சேர்த்து 2,400 ரூபா. நான் கல்லடிப் பக்கம் மெதடிஸ்த சபையொன்றில் ஞாயிறு பாடசாலை மூத்த வகுப்பு எடுக்கிறவள். சபைக் காசில் வாங்கி, வகுப்பில் தொங்கவிட்டு, பாடமும் நடத்திப் பார்த்தாயிற்று. வேறு சபை டீச்சர்மாரும் "எப்படி, வாங்கலாமா?" என்று கேட்கிறபடியால் எழுதுகிறேன்.

முதலில் படம். பிளெக்ஸில் அடித்திருக்கிறார்கள், நிறம் நல்லம், கடைசி வாங்கிலிருந்தும் எழுத்து தெரிகிறது. இடது மூலையில் ஏதேன், வலது மூலையில் புதிய எருசலேம், நடுவில் சிலுவை. சிலுவைக்குப் பிறகு சபையின் காலம், சபை எடுத்துக்கொள்ளப்படுதல் (விசுவாசிகளை மேகத்துக்கு எடுப்பது), ஏழு வருட உபத்திரவம், ஆயிரவருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு என்று வரிசை போகிறது. முத்திரை ஏழு, எக்காளம் ஏழு, கலசம் ஏழு; வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இந்த மூன்று வரிசையையும் பிள்ளைகள் குழப்பாமல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 42 மாதமும் 1,260 நாளும் மூன்றரை வருடக் கணக்குத்தான் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பதும் உதவி. அந்தளவுக்குச் சரி.

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்ற மத்தேயு 24:36 ஐ மட்டும் ஆகக் கீழே சின்ன எழுத்தில் போட்டு, அதன்மேலேயே கம்பு செருகுகிற மடிப்பைத் தைத்துவிட்டார்கள். தைத்தவருக்கு அந்தப் பகிடி விளங்கியிருக்காது.

இந்த வரிசையைத்தான் எல்லாக் கிறிஸ்தவர்களும் நம்புகிறார்கள் என்பது மாதிரி எழுதியிருப்பது சரியில்லை. உபத்திரவத்துக்கு முன்னமே சபையை இரகசியமாக எடுத்துக்கொள்வார் என்ற போதனை 1830களில் டார்பி என்பவர் வழியாகப் பரவினது. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. டார்பி பிறந்தது 1800இல். எங்கள் மெதடிஸ்த சபையைத் தொடக்கின வெஸ்லி ஐயா அதற்கு முன்னமே, 1791இல், காலமாகிவிட்டார். 1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கின மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஆல்ட் போதகருக்கும் இந்தப் படத்தைக் காட்டினால் தலைகால் விளங்கியிருக்காது. விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்வது ஒரே வரிதான்: உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார். பெந்தெகொஸ்தே சகோதரங்கள் படத்து வரிசையை நம்பட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. "சபைகளுக்குள் இப்படியும் நம்புகிறார்கள், அப்படியும் நம்புகிறார்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கடைசிக்கால அடையாளங்கள் என்ற பெட்டிக்குள், சமுத்திரமும் அலைகளும் முழங்கும் என்ற லூக்கா 21 வசனத்துக்குப் பக்கத்தில், வீடுகளை மூடிக்கொண்டு வருகிற ஒரு பெரிய அலை வரைந்திருக்கிறார்கள். கல்லடியில் கொண்டுவந்து இதைத் தொங்கவிடுவதா? சுனாமி இந்தக் கரையை அடித்த 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நாவலடியில் சொந்தக்காரரைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டதும் அதே லூக்காவில்தான், 13ஆம் அதிகாரத்தில். அது படத்தில் ஒரு மூலையிலும் இல்லை. அலைக்கு மேலே பழைய கலண்டர் தாளை ஒட்டித்தான் அடுத்த கிழமை தொங்கவிட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு இந்த ஊரில் ஞாயிறு பாடசாலை எடுக்கிற யாருக்கும் பிள்ளைகளை வெருட்டிப் பாடம் நடத்த மனம் வராது.

எடுத்துக்கொள்ளப்படுகிறவர்களை முகமில்லாத வெள்ளை உருவங்களாக வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டேயிருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், அம்மா குவைத்தில வேலை. மேகத்துக்கு எடுக்கக்குள்ள நாங்களும் அவவும் ஒண்டாப் போவமா, வேற வேறயாப் போவமா?" என்று கேட்டாள். படத்தில் பதில் இல்லை.

கைந்நூலில் இருந்தது. நாலாம் பாடம், 1 தெசலோனிக்கேயர் 4. செத்துப்போன தங்கள் ஆட்களை இனிக் காணமாட்டோமோ என்று துக்கப்பட்ட சபைக்குத்தான் பவுல் இதை எழுதினார் என்று தொடங்குகிறார்கள். மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், மற்றவர்கள் "அவர்களோடேகூட" எடுத்துக்கொள்ளப்படுவார்கள், ஆகவே இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள். படம் வெருட்டுவதற்கு எடுத்த அதே வசனத்தைக் கைந்நூல் ஆறுதலுக்கு எடுக்கிறது. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பாடத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "ஒண்டாத்தான்" என்று சொல்லிப்போட்டு இருந்தாள்.

ஐந்தாம் பாடம் பத்துக் கன்னிகைகள்: மணவாளனுக்கு விளக்கோடு காத்திருந்தவர்களில் ஐந்து பேருக்கு எண்ணெய் போதாமற்போன இயேசுவின் உவமை. புத்தியுள்ள ஐந்து பேரும்தான் நித்திரை கொண்டார்கள், நித்திரைக்காக ஒருவரையும் குற்றஞ்சாட்டவில்லை என்பதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? இதில் எழுதியிருக்கிறார்கள். செய்து பார்க்க ஒரு பயிற்சியும் உண்டு: இரண்டு சிட்டி விளக்கில் தேங்காயெண்ணெய் விட்டுக் கொளுத்தி, ஒன்றுக்கு மட்டும் இடையில் எண்ணெய் ஊற்றுவது. எண்ணெய் முடிந்த சிட்டியில் திரி கருகி, மணம் மண்டபம் முழுக்க நின்றது. "மற்றவளுக்குக் கொஞ்சம் குடுத்தால் என்ன டீச்சர்?" என்று ஒருவன் விடாமல் வாதாடினான். பாடம் முடிந்து மணியடித்த மறுகாவும் வாசலில் நின்று அதே கதைதான்.

ஆறாம் பாடம் வருகைக்கு நாள் குறித்தவர்களைப் பற்றியது. வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 ஒக்டோபர் 22ஐக் காத்திருந்து ஏமாந்தது, ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்று வானொலியில் சொன்னது, பிறகு வருகை கிட்ட வந்துவிட்டதாம் என்று குழம்பின தெசலோனிக்கேயரைப் பார்த்து, வேலைசெய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கண்டித்தது. சுருக்கமாக, நல்லாக.

கடைசிப் பக்கத்தில் "நான் ஆயத்தமா?" என்று சரி போடுகிற பட்டியல் ஒன்று. ஜெபம், உபவாசம், ஆராதனை, காணிக்கை எல்லாம் கேட்கிறார்கள். வாங்கின கடனைக் கொடுத்தாயா, கூலியாளுக்குச் சம்பளத்தை இழுத்தடித்தாயா, கோபத்தில் பேசாமல் விட்ட தம்பியோடு கதைத்தாயா என்று ஒன்றும் இல்லை. பசித்தவனுக்குக் கொடுத்தாயா என்ற கேள்வியைத்தானே மத்தேயு 25இல் நியாயாதிபதி கேட்கிறார்! அவற்றைப் பேனையால் எழுதித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பெரியவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லிப் போதகரிடம் கேட்டிருக்கிறேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

கைந்நூலைத் தனியாகக் கேட்டால் 350 ரூபாவுக்குத் தருவார்கள். தட்டில் வைப்பதில்லை, காசு வாங்குகிறவரிடம் கேட்க வேண்டும். நத்தாருக்கு முந்தின அட்வென்ட் ஞாயிறுகளுக்கு எடுக்கிறதென்றால் மாரி மழைக்கு முன்னமே வாங்கிவிடுங்கோ. அட்டை மெல்லிசு, ஈரம் பட்டால் சுருளும்; பொலித்தீன் உறை போடாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.