பழைய பைக் பார்ட்ஸ் ஆன்லைன்ல வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க, எனக்கு 18,500 போச்சு

18,500 ரூபாங்க. ஒரு ரியர் ஆக்ஸில் (பின் சக்கரத்தைத் தாங்குற ராடு), ஒரு செட் பிரேக் ஷூ, டார்க் ராடு (பிரேக் பிளேட் சுத்தாம புடிச்சிருக்கற கம்பி), ரெண்டு ஸ்பேசர், ஹப் ரப்பர், இதுக்கு 18,500. என்ன வந்துச்சுன்னு சொல்றேன், படிச்சிட்டு வயிறு எரியுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

வண்டி ராஜ்தூத் 350. தெரியாதவங்களுக்கு, யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983ல இங்க கொண்டுவந்தாங்களே அதுதான். ஜப்பான் வண்டில முன்னாடி டிஸ்க் பிரேக், நம்ம ஊருக்கு முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ட்ரம் பிரேக் போட்டு அனுப்புனாங்க. என்னது 27 பிஎச்பி லோ டார்க் வண்டி, அதாவது பவர் கம்மியான மாடல், ரோட்டுக்கு இல்ல, ட்ராக்குக்குன்னே ரெடி பண்றேன், ஹெட்லைட் இண்டிகேட்டர் எல்லாம் கழட்டியாச்சு, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. 2-ஸ்ட்ரோக் வண்டில ஆக்ஸிலேட்டரை விட்டா எஞ்சின் பெருசா புடிக்காது, அது பாட்டுக்கு ஓடும், கிட்டத்தட்ட முழு வேலையும் பிரேக்குதான் செய்யணும். அதனாலதான் பின்னாடி எதுலயும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுன்னு இருந்தேன். பழைய ஆக்ஸில் லேசா வளைஞ்சு செயின் ஒரு பக்கமா ஸ்ப்ராக்கெட்டை தின்னுட்டு இருந்துச்சு, ட்ரம்முல வரி விழுந்திருந்ததால லேத்துல ஒரு கட்டிங் போட்டாச்சு, அப்போ ஓவர்சைஸ், அதாவது தடிமனான லைனர் ஒட்டுன ஷூ வேணும். கிருஷ்ணகிரில கிடைக்கல, ஓசூர்ல கிடைக்கல, பெங்களூர் ஜே.சி. ரோட்ல கேட்டா சிரிக்கிறாங்க.

அப்பதான் பழைய 2-ஸ்ட்ரோக் ஸ்பேர்ஸ் மட்டும் விக்கிற ஒரு இன்ஸ்டா பேஜ் கண்ல பட்டுச்சு. பேர் போடல, கம்ப்ளைன்ட் ஓடிட்டு இருக்கு. அந்தப் பையன் எப்படி பேசுனான்னு சொல்றேன், இதைத்தான் நல்லா கவனிக்கணும். நான் ஆக்ஸில் வேணும்னு மெசேஜ் போட்டதும் விலை சொல்லல. "அண்ணா முதல்ல உங்க பழைய ஆக்ஸிலை கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, வளைவு இல்லன்னா வாங்கவே வேணாம், ஸ்பேசர் தேய்ஞ்சிருந்தாலும் வீல் ஆடும்"ன்னான். விக்கிறவனே வாங்காதன்னு சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அப்புறம் வீடியோ கால்ல வந்து பழுப்பு ஏறுன பேப்பர்ல சுத்தின ஆக்ஸிலை பிரிச்சுக் காட்டி வெர்னியர் வெச்சு அளந்து காட்டுனான், ஸ்ப்ளிட் பின் ஓட்டையை டார்ச் அடிச்சுக் காட்டுனான், எல்லாம் என்.ஓ.எஸ். அண்ணா, அந்தக் காலத்துல செஞ்சு பொட்டி பிரிக்காம கிடந்த சரக்கு, ஊருல எல்லாரும் டூப்ளிகேட் விக்கிறாங்க ஏமாந்துடாதீங்கன்னு எனக்கே அட்வைஸ் வேற. கடைசில ஷூவுக்கு ஓவர்சைஸ் லைனர் ஒட்டித்தரேன், ட்ரம் அளவு அனுப்புங்கன்னு கேட்டான் பாருங்க, அங்க முடிஞ்சது கதை, அப்பவே ஜிபேல 18,500 போட்டுட்டேன். முழு பணம், ஏன்னா கடைசி ஒரே ஒரு செட்டாம், இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காராம்.

பார்சல் வந்துச்சு. பேப்பர் என்னமோ பழசுதான், ஆனா மேல ஒட்டுன லேபிள் விரல் பட்டதும் மை கரையுது. நம்ம பாய் பட்டறைல வெச்சுதான் பிரிச்சேன். பாய் ஒண்ணும் பேசல, வேஸ்ட் துணில தின்னரைத் தொட்டு ஆக்ஸிலை ஒரு இழு இழுத்தாரு, கறுப்பு பெயிண்ட் மொத்தமா துணிக்கு வந்துருச்சு, கீழ லேத்துல டூல் ஓடுன வரி வரியா அப்படியே தெரியுது. அரத்தை எடுத்து முனைல வெச்சாரு, வெல்லம் மாதிரி இறங்குது. "தம்பி இது சாதா எம்.எஸ். ராடு, மெத்து இரும்பு, கேட்டுக்கு கொண்டி போடலாம்"ன்னாரு. என் பழைய ஆக்ஸில் நட்டு ரெண்டு சுத்து ஏறி இறுகிடுச்சு, மரை பிட்ச்சே வேற. பிரேக் ஷூ வேற ஏதோ வண்டியோடது, லைனர் ஓரத்துல நகத்தை விட்டா தூக்கிட்டு வருது. டார்க் ராடை பாத்தா நடுவுல வெல்டிங், மேல பவுடர் கோட்டிங். அது அறுந்தா என்ன ஆகும்னு தெரியுமா? பிரேக் மிதிச்ச உடனே பிரேக் பிளேட்டும் வீலோட சேர்ந்து சுத்தி பிரேக் கம்பியை சுருட்டிக்கிட்டு வீல் லாக் ஆகும். ட்ராக்குல நூறுல போறப்ப. தொப்பூர் கணவாய்ல பிரேக் போன லாரிங்கள வருஷா வருஷம் பாக்குற ஊர்க்காரன் நான், அந்த ராடை கைல வெச்சிருக்கும்போதே உடம்பு கூசுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது நாடகம். போன் பண்ணா "அண்ணா அது பழைய ஸ்டாக், லேசா பாலிஷ் போட்டா செட் ஆயிடும்". மரையே சேரலடான்னா "உங்க நட்டு தேய்ஞ்சிருக்கும்". போட்டோ அனுப்புனா "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?", இல்லன்னா ரிட்டர்ன் இல்லையாம், இதை பணம் வாங்குறப்ப சொல்லல. அடுத்து வேற ஒரு குரல், மேனேஜராம், "சார் ட்ராக் யூஸுக்கு வாரண்டி கிடையாது". நான் இன்னும் வண்டிலயே மாட்டலய்யா! அப்புறம் ஓனர் ஊர்ல இல்ல, அப்புறம் ஓனர் வீட்ல துக்கம், அப்புறம் பொருளை திருப்பி அனுப்புங்க செக் பண்ணிட்டு பணம் போடுறோம்னு ஒரு அட்ரஸ், அந்த அட்ரஸுக்கு கூரியர் போய் ஆள் இல்லன்னு திரும்பி வந்துச்சு, அந்த கூரியர் காசும் என் தலைலதான். பேஜ்ல போய் கமெண்ட் போட்டேன், கமெண்ட்டை அழிச்சிட்டு என்னை பிளாக் பண்ணிட்டான். வேற ஐடில போய் பாத்தா அதே பழுப்பு பேப்பர், அதே வெர்னியர், "கடைசி ஒரே செட்"ன்னு ஸ்டோரி ஓடுது. 18,500 ரூபா, எங்க வீட்ல இன்னும் 8,000ன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்றேன். முழு பணம் முன்னாடி போடாதீங்க. பார்சலை பிரிக்கும்போது வீடியோ எடுங்க, கூரியர் லேபிள் தெரியுற மாதிரி. ஆக்ஸில் வந்தா அரம் வெச்சுப் பாருங்க, மாட்டாதீங்க. பணம் போன உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் பண்ணாதீங்க, மட்டமான பொருளை அனுப்பி ஏமாத்துனா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. சாட்டை அழிச்சிடாதீங்க. அப்புறம் ஒண்ணு, ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறைல பழைய ஆக்ஸிலை சாம்பிள் குடுத்தா இ.என்.24னு ஒரு உறுதியான ஸ்டீல் ராடுல கடைஞ்சு ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணித் தராங்களாம், நேத்துதான் பாய் சொல்றாரு, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

யாருகிட்டயாவது ராஜ்தூத் 350 டார்க் ராடும் ஷூவும் ஒரிஜினல் இருந்தா சொல்லுங்க, தருமபுரி சேலம் பெங்களூர் எங்கன்னாலும் நானே நேர்ல வரேன், கைல பாத்துட்டு கைல காசு, அட்வான்ஸ் மட்டும் கேக்காதீங்க.