1,850 வெள்ளி கொடுத்து வாங்கிய ‘சர்வர் செட்’: சுங்கை சிப்புட்காரர்களே, உஷார்!

பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வீட்டிலோ டியூஷன் சென்டரிலோ சர்வர் போட நினைப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டவுனில் கைப்பேசி ரிப்பேரோடு பழைய கணினியும் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். அங்கே போனது 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

என்ன தேவை என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். ஐ7-3770 சிப், 32 ஜிபி இசிசி ரேம் (மெமரியில் வரும் பிழையைத் திருத்த உதவும் வகை), ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது தனிக் கணினிபோல் இயங்குபவற்றை, ஓட்டும் லினக்ஸ் மென்பொருள்) ஓடவேண்டும், ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு அப்படியே ஒப்படைக்க விடி-டி என்ற சிப் வசதி கட்டாயம். கடைக்காரர் சலிக்காமல் மேசைமேல் இருந்த செட்டை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) போனார். ‘விடி-எக்ஸ்: எனேபிள்ட்’, ‘விடி-டி: எனேபிள்ட்’ என்ற வரிகளில் விரலை வைத்து, “பாருங்கண்ணே, ரெண்டும் ஓன்ல இருக்கு” என்றார். இவ்வளவு பொறுமையாகக் காட்டுகிற ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்? பிறகு உள்ளே போய், பெட்டியில் கட்டிவைத்த இன்னொன்றைத் தூக்கிவந்தார். “இது அதே செட்டுதான், சுத்தமா தொடைச்சு வச்சது.” ரசீதிலும் ‘ஐ7-3770’ என்றே எழுதினார்.

பெட்டிக்குள் இருந்தது 3770கே. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அந்த எழுத்தில்தான் எல்லாம் போச்சு. 2012இல் இன்டெல் விட்ட இந்த இரண்டில், 3770இல் விடி-டி உண்டு, 3770கே-யில் இல்லை. கே இருந்தாலே இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது: 4770கே-யில் இல்லை, 4790கே-யில் உண்டு. முழு மாடல் எண்ணையும் இன்டெலின் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. அதனால்தான் ஏமாற்று உடனே தெரியவில்லை. கன்ட்ரோலர் கார்டைச் சேர்க்கப்போனபோதுதான் ‘ஐஓஎம்எம்யு இல்லை’ என்று ப்ராக்ஸ்மாக்ஸ் மறித்தது. விடி-டி போன்ற வசதிக்குப் பொதுப்பெயர்தான் ஐஓஎம்எம்யு. பயாஸில் விடி-டி என்ற வரியையே காணோம்.

திருப்பிக் கொண்டுபோனால், இப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்துகாட்டுகிறார்! “விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட்னு இருக்கே, அப்புறம் என்ன?” அந்த வரி சொல்வது விடி-எக்ஸைப் பற்றி மட்டும்தான், அதாவது சிப்பால் விர்ச்சுவல் மெஷினை ஓட்டமுடியும் என்பதை. ஒரு கார்டை அந்த மெஷின் கையில் கொடுத்து, அது தன் மெமரி எல்லையைத் தாண்டாமல் காப்பது விடி-டி. இரண்டும் வேறு. அடுத்து, “பயாஸ் அப்டேட் பண்ணா வந்துரும்.” சிப்பிலேயே இல்லாததை எந்த பயாஸும் கொண்டுவராது. அடுத்து, “நீங்க லினக்ஸ் போட்டுட்டீங்க, வாரண்டி போச்சு.” கடைசியில், “இன்னும் 300 வெள்ளி குடுங்க, சிப்பை மாத்தித் தரேன்.” 1,850 வெள்ளி வாங்கியது எதற்காம்? அதன்பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

ரேமிலும் கைவைத்திருக்கிறார்கள். கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 8 கறுப்புச் சில்லுகள். இசிசி என்றால் 9 இருந்திருக்கவேண்டும். பிழை திருத்தத் தேவையான கூடுதல் பிட்டுகள் இருப்பது அந்த ஒன்பதாவதில்தான். இன்னொன்றும் உண்டு: 3770, 3770கே இரண்டுமே இசிசியை ஏற்காது. அதைச் சொல்லாமல் “இசிசிதான் போட்டிருக்கேன்” என்று காசு வாங்கியது அப்பட்டமான பொய்.

இடி இடித்துக் கரண்டு போய்வந்த அன்று ஒரு மெஷின்கூட எழவில்லை. பயாஸ் செட்டிங்ஸையும் தேதியையும் கரண்டு இல்லாதபோது காப்பாற்றும், போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. பயாஸ் பழைய நிலைக்குத் திரும்ப, விடி-எக்ஸ் தானாக ஆஃப் ஆகிவிட்டது. தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. சில வெள்ளி பெறாத பேட்டரியைக்கூட மாற்றாமல் ‘சர்வர் செட்’ என்று விற்றிருக்கிறார்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கெர்னல் வரியில் (லினக்ஸ் தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை வரி) இன்டெல் ஐஓஎம்எம்யு-வை ஓன் செய்து பூட் பண்ணி, ‘ஐஓஎம்எம்யு குரூப்ஸ்’ ஃபோல்டரைப் பாருங்கள். காலியாக இருந்தால் வாங்காதீர்கள். காலியாக இல்லாவிட்டாலும், உங்கள் கார்டு இருக்கும் குரூப்பில் நெட்வொர்க் கார்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்டைக் கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போகும். சோதித்த பெட்டியையே தூக்கிவாருங்கள், உள்ளேயிருந்து வருவதை வாங்காதீர்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ரசீதில் எழுதச்சொல்லுங்கள்.

எனக்கு அந்த ரசீதுதான் இப்போது பிடி. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, சிப்பின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. 1,850 வெள்ளியையும் கேட்டு மனுப் போடுகிறேன். இதே கடையில் இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.