இறந்தது எப்போது: உடல் சூடா, ஈப்புழுவா?

இறந்த நேரத்தைக் கணிக்க இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று உடம்பு: அதன் சூடு, விறைப்பு, வயிற்றில் கிடக்கும் சாப்பாடு. இன்னொன்று அதில் மொய்க்கும் பூச்சிகள். எது நம்பகமானது என்றால், மணிக்கணக்கு வேண்டுமா நாள்கணக்கு வேண்டுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

முதல் நாளில் உடல் சூடுதான் முந்தும். ஆனால் உடல் சூட்டிலிருந்து இறந்த நேரத்தைக் கணிக்க ஜெர்மன் மருத்துவர் ஹென்ஸ்கே உருவாக்கிய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும், நல்ல சூழலிலேயே 2.8 மணி நேரம் முன்பின் ஆகலாம். நம் ஊர் மே மாதத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளியே 38 டிகிரி அடிக்கும்போது 37 டிகிரி உடம்பு எப்படிக் குளிரும்? விறைப்பும் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுவிடும்.

அப்புறம் புழுக்களின் முறை. பகலில் வழி கிடைத்தால் நீல ஈ சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடம் பார்த்து முட்டையிடும். புழு மூன்று பருவம் வளரும். அதன் பின்முனையை நுண்ணோக்கியில் பார்த்தால், மூச்சுத்துளை ஒவ்வொன்றிலும் இரண்டு பிளவு இருந்தால் இரண்டாம் பருவம், மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். சூடு கூடினால் வளர்ச்சியும் வேகமாகும் என்பதால் அந்த நாட்களின் வெப்பப் பதிவும் தேவை. எடுத்த புழுக்களில் ஒரு பங்கை வெந்நீரில் கொன்று ஆல்கஹாலில் போடுவார்கள். உயிரோடு போட்டால் சுருங்கிவிடும், வயது குறைவாகத் தெரியும். மறு பங்கை ஈயாகும்வரை வளர்த்து இனத்தை உறுதிசெய்வார்கள்.

1935இல் ஸ்காட்லாந்தின் மொஃபாட் அருகே, ஒரு பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டுதுண்டாகக் கிடைத்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மியர்ன்ஸ், உடல்களில் இருந்த புழுக்களுக்கு 12 முதல் 14 நாள் வயது என்றார். இந்தக் கொலைவழக்கில் சிக்கிய டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமல்போன நாளோடு அது ஒத்துப்போனது. உடல் சூட்டால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஆனால் புழு சொல்வது முட்டையிட்ட நேரத்தை, இறந்த நேரத்தை அல்ல. ஹவாயில் பூச்சியியல் வல்லுநர் லீ காஃப் ஒரு பன்றியின் உடலைப் போர்வையில் சுற்றிவைத்துப் பார்த்தார். ஈக்கள் உள்ளே நுழைய இரண்டரை நாள் ஆயிற்று.

அரைமணி நேரத் துல்லியம் கேட்டால் இரண்டு சாட்சிகளுமே தடுமாறும். 1959இல் கனடாவில் 12 வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, வயிற்று உணவை வைத்து மரணம் இரவு 7.15க்கும் 7.45க்கும் இடையில் என்றார் மருத்துவர். அந்த அரைமணி நேரத்தை நம்பி, அப்போது அவளோடு இருந்த 14 வயது ஸ்டீவன் ட்ரஸ்காட்டுக்குத் தூக்கு விதித்தார்கள். பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் பழைய புழுக் குறிப்புகளைப் பிரித்தபோது, முட்டையிட்டது அன்று மாலையா மறுநாளா என்று பூச்சியியல் வல்லுநர்களே முரண்பட்டார்கள். 2007இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

என்னைக் கேட்டால், இரண்டையும் சம்பவ இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். பிணவறைக் குளிர்பெட்டிக்குள் போய்விட்டால் உடல் சூட்டுக் கணக்கும் கெடும், புழு வளர்ச்சியும் குழம்பும்.