குருகுலமா, இசைப்பள்ளியா?

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை நாதஸ்வரமோ தவிலோ கற்க ஆசைப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வித்வான் வீட்டில் தங்கிக் கற்பது. மற்றது, அரசு இசைப்பள்ளி. வேலூருக்குப் பக்கம் என்றால் திருவண்ணாமலை, காஞ்சிபுரம். மூன்றாண்டுப் படிப்பு, பாடத்திட்டம், தேர்வு, கடைசியில் சான்றிதழ்.

குருகுலத்தின் பலம் காதுதான். குரு காலையில் சாதகப் பயிற்சி செய்வதையும், கச்சேரியில் ராகத்தை விரிப்பதையும் கூடவே இருந்து கேட்டவனுக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நயம், தானாக வரும். அதை எந்த ஸ்வரக் குறிப்பிலும் முழுசாக எழுதிவிட முடியாது. செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்திலும் இப்படித்தான். பையன்கள் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, ஊர் ஊராகப் போய், விடிய விடியப் பின்பாட்டுப் பாடியே தேறினார்கள்.

ஆனால் அந்த வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. குறிப்பாக நாதஸ்வரமும் தவிலும் பெரும்பாலும் குடும்பத்துக்குள், சாதிக்குள் கைமாறின. பெண்கள் தவில் கற்பது அரிது. 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வந்தது, 1949-இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி. அப்புறம் மாவட்டப் பள்ளிகள். விண்ணப்பம் போட்டு யாரும் சேரலாம் என்ற நிலை வந்தது இவற்றால்தான். எனக்கு இது மிகப் பெரிய விஷயம்.

பள்ளியின் குறை நேரம். மணி அடித்தால் வகுப்பு முடிந்துவிடும்.

சரி, எது? முதலில் பள்ளி என்பேன். சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் அங்கே உறுதிப்படட்டும். பிறகு ஒரு வித்வானோடு திருவிழாக்களுக்குப் போகட்டும்.