பிளாட்டினஸா, இயாம்ப்ளிகஸா?

ஆன்மா எப்படி மறுபடி தெய்வ நிலைக்கு ஏறும்ங்கறதுல பிளேட்டோ வழி வந்த இந்த ரெண்டு தத்துவஞானிகளும் வேற வேற பதில் சொன்னாங்க. 3ஆம் நூற்றாண்டுல ரோம்ல பாடம் நடத்துன பிளாட்டினஸ், ஆன்மாவோட ஒரு பகுதி கீழ உடம்புக்குள்ள இறங்கவே இல்ல, எப்பவும் மேல தெய்வ நிலையிலதான் இருக்குன்னாரு, அதனால உள்ள திரும்பிப் பாத்தாலே போதும். சிஷ்யர் அமேலியஸ் தெய்வச் சடங்குக்குக் கூப்பிட்டப்ப 'தெய்வங்கதான் என்கிட்ட வரணும், நான் அவங்ககிட்ட போகக்கூடாது'ன்னுட்டாரு, என்ன ஒரு துணிச்சல் பாருங்க!

சிரியாக்காரர் இயாம்ப்ளிகஸ் இதை ஒத்துக்கல. ஆன்மா முழுசா இறங்கிடுச்சு, வெறும் யோசனை பண்ணி மேல ஏற முடியாது, கல்லு, மூலிகை, வாசனைப்பொருள்னு அந்தந்த தெய்வத்துக்கு உரியதை வெச்சு சடங்கு பண்ணணும், தூக்கிவிடறது தெய்வங்கதான்னாரு. 361ல ரோமப் பேரரசரான ஜூலியன் புடிச்சுக்கிட்டது இவர் வழியைத்தான்.

எனக்கு மனசுக்கு நெருக்கம் பிளாட்டினஸ்தான், ஆனா சிஷ்யர் போர்ஃபிரி கூட இருந்த வருஷங்கள்ல பிளாட்டினஸுக்கே பரம்பொருளோட ஒன்றாகிற அந்த அனுபவம் நாலு தடவைதான் கிடைச்சுதாம், அப்போ சாதாரண ஜனம் என்ன பண்ணும், அங்க இயாம்ப்ளிகஸ் சொல்றதுல நியாயம் இருக்கு.